ட்ரோன் பறக்கவிட்டபோது உங்களுக்கு நடந்தது என்ன?

கும்பகோணம் கேமரா

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். ட்ரோனை ஹெலிகேம் என்று கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டுக்கொண்ட காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். இதை எழுதக் காரணம் போன ஆவணியில் நடந்த ஒரு மாப்பிள்ளை அழைப்பு.

நாதஸ்வரம், சாரட்டு வண்டி, பின்னால் நூறு நூற்றைம்பது பேர். ஊர்வலம் முழுவதும் தெரிகிற மாதிரி மேலேயிருந்து ஒரு நீளமான ஷாட் வேண்டும் என்று மாப்பிள்ளையின் தங்கை ஆசையாகக் கேட்டது. ஏற்றினேன். முந்தைய நாள் வேறொரு கல்யாணத்தில் தென்னை ஓலையில் உரசியதில் ஒரு விசிறியின் முனையில் சின்னச் சிராய்ப்பு இருந்தது. அதைப் பார்த்தேன். பையில் புது விசிறி இருந்தது. மாற்ற இரண்டு நிமிடம் ஆகும். மாற்றவில்லை.

அந்த விசிறி காற்றிலேயே முறிந்துவிட்டது. நாலு விசிறி ட்ரோனில் ஒன்று போனால் மற்ற மூன்றும் அதைத் தாங்காது. சுழன்றுகொண்டே விழுந்தது. பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த ஒரு பாட்டிக்கு மூன்றடி பின்னால். அவர் திரும்பிப் பார்த்து, "என்னப்பா விழுந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

என் ட்ரோன் 900 கிராம். பறந்த உயரம் ஏறக்குறைய 15 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரைக்கு வரும்போது மணிக்கு 60 கி.மீ. வேகத்தை ஒட்டி இருக்கும். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. 2015 டிசம்பரில் இத்தாலியில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில் ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் இறங்கிக்கொண்டிருந்தபோது அவருக்குச் சற்றுப் பின்னால் ஒரு கேமரா ட்ரோன் விழுந்து நொறுங்கியது. அந்தக் காட்சியைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நம் ஊர்வலத்தில் நடக்கும் என்று நினைத்ததில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது என்னிடம் பைலட் சான்றிதழ் கிடையாது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. பொழுதுபோக்குக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் வேண்டும். கல்யாணத்துக்குக் காசு வாங்கினால் அது தொழில்தான். இப்போது பயிற்சிக்குப் போய் வாங்கிவிட்டேன். 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும், வாங்கினால் 10 வருடம் செல்லும். பயிற்சியில் பாதி நாள் போவதே பறப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதில். அந்தச் சிராய்ப்பை அங்கே யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். நல்லபடியாக முடிந்தது மட்டும் வேண்டாம்.

வயல்வெளி

அண்ணே, நான் திருவாரூர்ப் பக்கம். வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் வைத்திருக்கிறேன். 10 லிட்டர் டேங்க். உங்களுடையது விழுந்தால் தலையில் அடி. என்னுடையது விழாமலே ஒருவர் பிழைப்பைக் கெடுத்தது.

போன ஆனிக் கடைசி. ஒருவர் குறுவையில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொன்னார். வயலில் நெல் நன்றாக நின்றது. பக்கத்து வயல் வேறொருவருடையது, பருத்தி. காய் பிடித்திருந்த நேரம். காலையில் ஆறரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். முதல் வயலில் தண்ணீர் கொண்டுவருவது தாமதமாகி, இங்கே வந்து சேர்ந்தபோது பத்து மணி. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் பத்து மணிக்குக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேல்காற்று இழுக்க ஆரம்பித்திருந்தது. வரப்பில் நிற்கிற என் சட்டையே படபடத்தது. "அடிச்சிட்டுப் போயிடுங்க தம்பி, நாளைக்கு ஆள் கிடைக்காது" என்றார். நானும் அடித்தேன்.

கைத்தெளிப்பானில் அடிப்பவர் குழாயைப் பயிருக்குக் கிட்ட வைத்து அடிப்பார். ட்ரோன் பயிருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே நிற்கிறது. தண்ணீர் குறைவு, துளியும் சிறிது. விசிறிக் காற்று கீழே தள்ளும் என்பது உண்மைதான், ஆனால் பக்கக் காற்று வந்துவிட்டால் வயல் ஓரத்தில் அது நம் கையில் இல்லை. பருத்திக்கு 2,4-டி ஆகவே ஆகாது. மணம் பட்டாலே போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில நாளில் பக்கத்து வயலில் எங்கள் வரப்பை ஒட்டிய வரிசைகளில் கொழுந்து இலையெல்லாம் விரல் விரலாகச் சுருங்கி, வெண்டை இலை மாதிரி கீறிக்கொண்டு நின்றது. பூ கொட்டியது.

அவர் சண்டை போடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு செடியாகக் காட்டினார். அதுதான் தாங்கவில்லை. கிராமத்தில் பெரியவர்களை வைத்துப் பேசி, அந்த வருட ஸ்ப்ரே வருமானத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். மருந்தடிக்கச் சொன்ன வயல்காரர் எதுவும் கொடுக்கவில்லை. ரிமோட் என் கையில் இருந்தது, அதனால் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் எட்டரை மணிக்கு மேல் நான் களைக்கொல்லி அடிப்பதில்லை. கூலி போனாலும் சரி. நாலு பக்கமும் என்ன பயிர், மீன் குட்டை இருக்கிறதா, வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறதா, தேன் பெட்டி இருக்கிறதா என்று வரப்பைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுத்தான் டேங்கில் மருந்து ஊற்றுகிறேன். நடக்கும்போது மின்கம்பியும் கண்ணில் படும். பம்புசெட்டுக்குப் போகும் ஒற்றைக் கம்பி ரிமோட் திரையில் தெரியவே தெரியாது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள், அவர்களை நிறுத்த ஒரு ஆள் தனியாக வேண்டும். அந்த விசிறி ஒவ்வொன்றும் கை நீளம்.

சிங்கைவாசி

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இங்கே 250 கிராமுக்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம். விமான தளத்திலிருந்து 5 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் கூடாது, மற்ற இடத்திலும் 200 அடிக்கு மேல் கூடாது. 2019 ஜூனில் சாங்கி விமான நிலையத்துப் பக்கம் ட்ரோன் தெரிந்ததாகச் சொல்லி விமானங்கள் தாமதமானபோது என் அறைத்தோழர் ஊருக்குக் கிளம்பி நிலையத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அவர் போன காரணம் அப்பாவுடைய ஆபரேஷன். அன்றிலிருந்து இந்த விதிகளைப் பற்றி நான் முணுமுணுப்பதில்லை.

என் தவறு வேறு. தம்பிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு ட்ரோன் வாங்கிப் பெட்டியில் வைத்து ஊருக்கு வந்தேன். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோனை முழுதாகவோ பிரித்தோ இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை என்பது தெரியாது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. சுங்கத்தில் எடுத்துவைத்துக்கொண்டார்கள். வெளியில் தம்பி நிற்கிறான். வெறுங்கையோடு போய் நின்றேன். ஊருக்கு வரும் நண்பர்கள் யாரும் "சின்னதுதானே" என்று எடுத்துவர வேண்டாம்.

புது ஆள்

249 கிராம் வாங்கினால் எந்த விதியும் கிடையாது என்று கடையில் சொன்னார்கள். சரிதானே?

கும்பகோணம் கேமரா

பாதிதான் சரி தம்பி. 250 கிராம் வரை 'நானோ'. பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டாம். ஆனால் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலம் நானோவுக்கும் சிவப்புதான். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் மண்டல வரைபடம் இருக்கிறது, பறக்கப்போகிற அன்றைக்கே பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை என்றால் 200 அடிதான். அதற்கும் உள்ளே போனால் பச்சை என்று நினைக்கவே வேண்டாம். எங்கள் பக்கம் தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, உங்கள் பக்கம் சூலூர், அரக்கோணம், கல்பாக்கம் என்று ஏதாவது இருக்கும்.

"அன்றைக்கே" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. காவல்துறை ஒரு இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம், அதிகபட்சம் 96 மணி நேரம். ஒரு தடவை திங்கட்கிழமை பச்சையாக இருந்த இடம் வியாழக்கிழமை சிவப்பு. முக்கியப் பிரமுகர் ஒருவர் அந்த வழியாக வருகிறார். முன்பணம் வாங்கியிருந்தேன், திருப்பிக் கொடுத்தேன். மீறினால் அபராதம் 1 லட்சம் வரை போகும்.

மொட்டைமாடி

எனக்கு ட்ரோன் ஓட்டத் தெரியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை. எல்லாரும் கீழே விழுந்ததைச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு மேலே வந்தது விழவில்லை, நின்றது.

மாசி மாதம், எங்கள் தெருவில் கோயில் விசேஷம். மதியம் மூன்று மணி இருக்கும். என் பெரிய பெண் தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள், துப்பட்டா இல்லாமல், அவள் வீட்டு மாடிதானே. வண்டு மாதிரி சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் கைப்பிடிச் சுவருக்கு நேராக அது நிற்கிறது. அவள் உள்ளே ஓடி வந்தாள். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. யார் ஓட்டியது, எதை எடுத்தது, அந்தப் படம் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. ஓட்டியவர் கோபுரத்தைத்தான் எடுத்திருப்பார் என்று என் கணவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவள் அதற்கப்புறம் ஒரு மாதம் மாடிக்குப் போகவில்லை. துணி காயப்போட நான்தான் ஏறினேன்.

400 அடி, 200 அடி என்கிறீர்கள். எங்களுக்கு 30 அடியில் நிற்பதுதான் பயம். அதை யாரிடம் கேட்பது?

முட்டம் கடலோரம்

அக்கா, படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. பெண்களை அந்தரங்கமான நேரத்தில் ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் குற்றம். வேண்டுமென்று எடுத்தவன் என்றால் போலீஸுக்குப் போகலாம். கோபுரம் எடுக்க வந்தவர் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்றியதற்கு எந்தப் பிரிவு என்று எனக்கும் தெரியவில்லை.

என் கதை கடலில். வள்ளத்தில் போய் வலை இழுப்பதை எடுக்க ட்ரோன் ஏற்றினேன். ஏற்றிய இடத்தைத்தான் அது 'வீடு' என்று மனசில் வைத்துக்கொள்ளும். பேட்டரி குறைந்ததும் தானாக வீட்டுக்குத் திரும்பியது. வீடு இருந்த இடத்தில் இப்போது வெறும் தண்ணீர். வள்ளம் அரை கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. தானியங்கியை நிறுத்தி எப்படியோ கிட்டே கொண்டுவந்தேன். வள்ளம் ஆடுகிறது, இறக்க இடமில்லை. மாமா எட்டிக் கையால் பிடித்தார். விசிறி விரலில் பட்டு நாலு தையல். 2015-இல் என்ரிகே இக்லேசியாஸ் மேடையில் ட்ரோனைப் பிடித்து விரல்களைக் கிழித்துக்கொண்ட செய்தியை நான் படித்தே இருந்தேன். அவர் பாட்டுக்காரர். எங்கள் மாமா அந்தக் கையால்தான் வலை இழுக்க வேண்டும். மூன்று வாரம் கடலுக்குப் போகவில்லை, அந்த நாட்களுக்குக் கூலி நான் கொடுத்தேன்.

வள்ளத்திலோ காரிலோ ஏற்றுகிறவர்கள் செயலியில் 'வீடு' என்பதை ரிமோட் இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். பேட்டரி பாதி இருக்கும்போதே திரும்பக் கூப்பிடுங்கள்.

கோவை பந்தயம்

நான் சொந்தமாகக் கட்டி ஓட்டுபவன், அதனால் பேட்டரி பற்றி மட்டும். லிப்போ, அதாவது ட்ரோனில் போடுகிற லித்தியம் பாலிமர் பேட்டரி, அதன் செல் ஒன்று 4.2 வோல்ட்டில் முழுசு. ஓட்டாமல் வைப்பதென்றால் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். முழு சார்ஜில் இரண்டு வாரம் விட்டு வைத்தேன், ஒன்று வயிறு உப்பிவிட்டது. உப்பியதை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினேன். புகை வாசனையில் அம்மாதான் எழுப்பினார். மெத்தை ஓரம் கருகியிருந்தது. இப்போது சார்ஜ் போடுவது வீட்டுக்கு வெளியே, மணல் நிரப்பிய மண்சட்டிக்குள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். உப்பினால் அன்றே அது முடிந்தது.

கும்பகோணம் கேமரா

மொட்டைமாடி அக்காவுக்கு. கோயில் விசேஷத்துக்கு நானும் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். மாடிகளில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். திரையில் எல்லாம் சின்னதாகத் தெரியும், நான் தேரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்து ஒருத்தர் என்னை அண்ணாந்து பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உங்கள் பெண்ணிடம் என் சார்பில் மன்னிப்புச் சொல்லுங்கள், அன்று ஓட்டியது நான் இல்லை என்றாலும்.

நேற்று ஒரு வளைகாப்புக்குப் போனேன். ஏற்றுவதற்கு முன்னால் உதவிக்கு வருகிற பையனை அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் அனுப்பி, "நாலு மணியிலிருந்து நாலே கால் வரைக்கும் மேலே கேமரா பறக்கும்" என்று சொல்லச் சொன்னேன். கால் மணி நேரம் ஆனது. ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பக்கம் திருப்பவில்லை. வீடியோவில் ஒன்றும் குறையவில்லை.

மொட்டைமாடி

தம்பி, அவளிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, போனை வாங்கி மறுபடி ஒரு தடவை அவளே படித்தாள். அடுத்த மாதம் எங்கள் தெருவில் காப்புக் கட்டுகிறார்கள். விழாக் கமிட்டியில் என் கணவர் இருக்கிறார். படம் எடுக்க வருகிறவர் எத்தனை மணிக்கு ஏற்றுவார் என்று முன்னாலேயே கேட்டு, வரி வாங்கப் போகும்போதே வீடு வீடாகச் சொல்லிவிடுவதாக அவரிடம் பேசி வைத்திருக்கிறேன்.