மறக்காத சாப்பாடு வழியிலா, வீட்டிலா?

லொறிக்காரன்:
போன கிழமை மாங்குளத்தில் மச்சான் வீட்டில் ஒரு வாக்குவாதம். "எத்தனை ஊரில் கை நனைத்தாலும் கடைசியில் நினைவில் நிற்பது வீட்டுச் சாப்பாடுதான்" என்று மாமா முடிவாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அங்கே சொல்ல விடாததை இந்த இணைய இழையில் எழுதுகிறேன்.

பதினொரு வருசமாகத் தம்புள்ளையிலிருந்து கிளிநொச்சிக்கு மரக்கறி ஏற்றுகிறேன். ஆனால் நான் சொல்ல வருவது அதற்கு முந்தியது. 2002 இல், போரால் மூடிக் கிடந்த ஏ9 (கண்டி-யாழ்ப்பாண வீதி) திறந்த புதிதில், எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவோடு வவுனியாவில் பஸ் ஏறினேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, கிளிநொச்சிக்கு வரும்போது பின்னேரம் மூன்று மணி தாண்டிவிட்டது. வீதியோரம் கிடுகு வேய்ந்த ஒரு கடை. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ஆளுக்கு நாலு சூடை மீன் பொரியல். அப்பா தன்னுடைய மீனில் இரண்டை என் கோப்பைக்குத் தள்ளிவிட்டுச் சொதியைக் குடித்தார். அந்த மீனின் முள் கடிபட்ட சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

வீட்டில் அம்மா சமைத்தது அதைவிட நல்ல சமையல், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் நாள் சாப்பிட்டதெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே சாப்பாடாகிவிட்டது. வீட்டில் சாப்பிட்ட ஒரேயொரு நாளை, இன்ன நாள் என்று குறித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். வழியில் சாப்பிட்டதில் இருபதை நான் சொல்லுவேன். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மணலில் வறுத்த கச்சானை (நிலக்கடலையை) ஒரு சுண்டு வாங்கி மடியில் கொட்டிக்கொண்டு ஓடினால், பரந்தன் வரும்வரைக்கும் கை சூடாக இருக்கும். அந்தச் சுகம் எந்த வீட்டில் கிடைக்கும்?

வயலடி:
தம்பி, நாள் குறித்துச் சொல்லச் சொன்னீர்கள். தைப்பூசம். ஒவ்வொரு வருசமும்.

எங்களுக்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல். தைப்பூசம் அன்று காலையில் நல்ல நேரம் பார்த்து அப்பா வயலுக்குள் இறங்கி, கிழக்கே பார்த்து நாலைந்து கதிர்ப்பிடி அறுத்து வருவார். சாமியறையில் வைத்துக் கும்பிட்டு, அந்த நெல்லைக் கையால் உமி நீக்கி, வீட்டு அரிசியோடு கலந்து உலையில் போடுவது வழக்கம். அதுதான் புதிர், புது நெல்லின் முதல் சோறு. காலபோகம் (மாரி மழை நெற்போகம்) முழுக்க மழைக்கும் பன்றிக்கும் யானைக்கும் காவல் கிடந்து, அந்த முதல் பிடி சோறு வாய்க்குப் போகும்போது வருகிற மணத்தை ஒரு கடைக்காரன் தர முடியுமா?

மணம் என்று சும்மா சொல்லவில்லை. மொட்டைக்கறுப்பன் மாதிரிச் சிவப்பு நெல்லைத் தீட்டாமல் குற்றினால் தவிடு அரிசியோடு ஒட்டி இருக்கும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. குற்றி நாள் போனால் அந்த எண்ணெய் காறிப்போகும். ஆனபடியால் கடையில் மூட்டையில் கிடந்த அரிசிக்கும் நேற்றுக் குற்றிய அரிசிக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பாசம் இல்லை, உண்மையிலேயே நாக்குக்குத் தெரிகிற வித்தியாசம்.

அறுவடைக் காலத்தில் அம்மா பனையோலைக் கடகத்தில் சோற்றுப் பானையை வைத்துத் தலையில் சுமந்து வருவா. குளத்தில் பறித்த தாமரை இலை. வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம்: தாமரை இலையைத் தரையில் தட்டையாக விரித்தால் சொதி முத்து முத்தாக உருண்டு வெளியே ஓடிவிடும். மணலில் கையால் ஒரு குழி செய்து, அதற்குள் இலையை அமுக்கி வைக்க வேண்டும். சுடுசோறு விழுந்ததும் இலை வாடி ஒரு பச்சை வாசம் கிளம்பும். அதுதான் கறிக்கு முதல் கறி.

வழிச்சாப்பாட்டைப் பற்றி எனக்கும் ஒரு நினைவு இருக்கிறது. வவுனியாவில் ஒரு கடையில் வாங்கின சோற்றுப் பார்சல், இரண்டு நாள் படுக்கையில் போட்டது. கடையின் பெயர் வேண்டாம்.

லொறிக்காரன்:
வயலடி அண்ணை, நீங்கள் எழுதினதை நீங்களே ஒருக்கால் திரும்ப வாசியுங்கள். வயல், மணல் குழி, தாமரை இலை. இதில் வீடு எங்கே இருக்கிறது? வெளியே, வேலைக்களைப்பில், வெயிலில் இருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். அதே பானைச் சோற்றை வீட்டு விறாந்தையில் கோப்பையில் போட்டிருந்தால் இத்தனை வரி எழுதியிருப்பீர்களா?

வயலடி:
வீடு என்பது கூரை மட்டுமா தம்பி? அம்மா சமைத்தா, எங்கள் நெல், எங்கள் குளம். அது வீடுதான்.

குசினிக்காரி:
இரண்டு பேரும் எழுதினதை மூன்று தரம் வாசித்தேன். வயலடி அண்ணை, உங்கள் அம்மா கடகத்தைச் சுமந்து வந்தா என்று எழுதினீர்கள். அவ எப்போது சாப்பிட்டா? எந்த இலையில்? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இருபத்திரண்டு வருசமாக நான் சமைக்கிறேன். என் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்தால் "அம்மாவின் நண்டுக்கறி" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார்கள். சட்டியை இறக்குகிற நேரம் முருங்கையிலையைக் கிள்ளிப் போட்டு மூடி வைப்பேன், அந்த வாசத்துக்கே குசினி வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் நான் சாப்பிடும்போது சோறு ஆறியிருக்கும், சட்டியில் குழம்பு மட்டும் மிச்சம் இருக்கும். புகையில் இருந்து சமைத்தவளுக்கு அந்த வாசம் மூக்கில் ஏறுவதே இல்லை. சமைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் இதைத்தான் சொல்லுவார்கள்.

என்னுடைய மறக்காத சாப்பாட்டைச் சொல்கிறேன். ஒரு காணி அலுவலாகக் கிளிநொச்சிக்குப் போய்க் காலையிலிருந்து அலைந்து, பசியில் அம்மாச்சி உணவகத்துக்குள் போனேன். பெண்கள் சேர்ந்து நடத்துகிற இடம், கண்ணுக்கு முன்னாலேயே சுடுகிறார்கள். இரண்டு தோசை கேட்டேன். கல்லிலிருந்து நேரே கோப்பைக்கு வந்தது. சம்பலை வைத்துவிட்டு அந்தப் பிள்ளை, "இன்னொன்று சுடட்டோ அக்கா?" என்று கேட்டாள். எனக்காக ஒருவர் அடுப்பில் நின்று, "இன்னொன்று வேண்டுமோ" என்று கேட்டு எத்தனை வருசம்! கண் கலங்கிவிட்டது. மூன்றாவது தோசையும் சாப்பிட்டேன். சூடாக.

வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீற்றர்தான் அது. பயணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நான் லொறிக்காரன் தம்பியின் பக்கம்.

வயலடி:
தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்தது. அம்மா எங்கள் எல்லாருக்கும் போட்டு முடிய, பானையை வாய்க்காலில் கழுவுவதற்கு முன், வரம்பில் இருந்து அடிப்பற்றைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிப்பா. இதை நான் பார்த்திருக்கிறேன். எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. அது பிழை.

ஆனால் அதனால் அந்தச் சோற்றின் ருசி பொய்யாகிவிடாது. அம்மாவே ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் புதிர்ச் சோற்றை முதலில் மோந்து பார்த்துத்தான் இறக்குவா. அது அவவுக்கும் சொந்தமான மணம்.

கிளாலி 96:
எனக்கு இந்தக் கேள்வியே குழப்பமாக இருக்கிறது, ஏனென்றால் என்னுடைய சாப்பாடு இரண்டு பக்கத்திலும் நிற்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, 1996 இல் கிளாலியால் படகேறி இரவோடு இரவாகக் கடல்நீரேரியைக் கடந்தோம். எனக்குப் பதினொரு வயது. மறுகரையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் அக்கராயன் பக்கம் வந்து சேரும்போது மறுநாளும் நன்றாக இருட்டிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வீடு. பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. அந்த வீட்டு அம்மா "பிள்ளைகள் பசியோடு வந்திருக்குதுகள்" என்று சொல்லிக்கொண்டு உலை வைத்தா.

விரால் மீன் குழம்பு. யாழ்ப்பாணத்துக் கடல்மீன் வாய் எங்களுக்கு. குளத்து மீன் சேறு மணக்கும் என்று என் அம்மா ஒருநாளும் வாங்கியதில்லை. அன்றைக்கு அம்மா எங்களைப் பார்த்த பார்வை "முகத்தைச் சுளிக்காதீர்கள்" என்ற பார்வை. சுளிக்க வரவில்லை. புளியும் மிளகாயும் இறங்கிய குழம்பு, சதை வெள்ளையாகக் கழன்று வந்தது. பிறகு எருமைத் தயிர், முட்டியைச் சரித்தாலும் விழாத கட்டி. நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். அந்த வீட்டில் அன்றைக்கு எத்தனை பேருக்கு அரிசி இருந்தது என்று யோசிக்கிற வயது இல்லை. இப்போது யோசிக்கிறேன்.

எனக்கு அது வழிச்சாப்பாடு. அந்த அம்மாவுக்கு அது வீட்டுச் சாப்பாடு. எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வவுனியாவில் என் வீட்டில் எத்தனையோ தரம் விரால் வாங்கிச் செய்து பார்த்துவிட்டேன். வரவில்லை.

லொறிக்காரன்:
அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இடம்பெயர்ந்து வந்ததைப் "பயணம்" என்று என் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை.

நந்திக்கடல்:
லொறிக்காரன் அண்ணை சொன்னது சரி. இதை எழுத இத்தனை நாள் தயங்கினேன்.

மறக்காத சாப்பாடு என்றால் எங்கள் ஆட்களில் பலருக்கு முதலில் வருவது போரின் கடைசி மாதங்களில், 2009 இல் குடித்த கஞ்சி. அரிசியும் தண்ணீரும் உப்பும். வரிசையில் நின்று வாங்கினது. ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிக் கொடுக்கிறோம், நானும் குடிக்கிறேன். எனக்கு 2009 இல் பதினாலு வயது. அதை இந்த இழையில் ருசியோடு சேர்த்து யாரும் பேசிவிடக்கூடாது என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். அது வீடும் இல்லை, வழியும் இல்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

நான் சொல்ல விரும்புகிறது வேறொன்று. செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து 2011 இல் வற்றாப்பளைப் பக்கம் திரும்பி வந்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். நாலு தடி நட்டு, மேலே தகரம். கதவு இல்லை, சுவர் இல்லை. மூன்றாம் நாள் சித்தப்பா யாரிடமோ வீச்சுவலை கடன் வாங்கி, நந்திக்கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று வீசினார். ஒரு வாளி இறால் கிடைத்தது.

வெங்காயம் இல்லை, தேங்காய் இல்லை. இருந்தது உப்பும் மிளகாய்த்தூளும். அம்மா சட்டியில் இறாலைத் தலையோடு போட்டு உப்புத்தூள் பிரட்டி மூடினா. கொஞ்ச நேரத்தில் அது தன் தண்ணீரிலேயே வெந்து, தலைக்குள் இருந்த கொழுப்பு இறங்கி, சட்டி அடியில் செம்மஞ்சளாக ஒரு குழம்பு நின்றது. தேங்காய்ப்பால் விட்ட மாதிரித் தடிப்பு. நிவாரண அரிசிச் சோற்றில் அதை ஊற்றி, தலைகளை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டோம். குசினிக்காரி அக்கா கேட்பதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன்: அம்மாவும் எங்களோடு இருந்து, அதே நேரம், அதே சட்டியில் கைபோட்டுச் சாப்பிட்டா. கோப்பை ஒன்றுதான் இருந்தது.

அந்த வருச வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலில் எவ்வளவோ சனம், எவ்வளவோ புக்கை (பொங்கல் சோறு). அதெல்லாம் கலந்துவிட்டது. இறால் கலக்கவில்லை. அது வீட்டுச் சாப்பாடு. தகரத்துக்குக் கீழே இருந்தாலும் அது எங்கள் காணி. அந்த ஒரு விசயத்தில் நான் வயலடி ஐயாவோடு.

லொறிக்காரன்:
அப்போது நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, தம்பி. வீட்டில் சாப்பிட்ட ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள் என்றேன், நீ சொல்லிவிட்டாய். ஆனாலும் மாமாவிடம் தோற்க மாட்டேன். என் சூடை மீன் என் சூடை மீன்தான்.

குசினிக்காரி:
கிளாலி அக்கா, உங்கள் விரால் ஏன் வரவில்லை என்று ஒரு சந்தேகம். உயிரோடு வாங்கினீர்களா? விரால் தண்ணீருக்கு வெளியேயும் மூச்சு விடுகிற மீன், ஈரச் சாக்கில் கிடந்தாலும் கனநேரம் துடிக்கும். ஐஸில் கிடந்ததை வாங்கினால் அந்தச் சதை கழன்று வராது. வெட்டினதும் அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் போட்டு, வழுவழுப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். மூன்று தண்ணீர். பிறகு பழப்புளியில் கொஞ்சநேரம் ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சேற்று மணம் அதோடு போகும். குழம்புக்கு வேறு புளி.

கிளாலி 96:
சாம்பல்! காஸ் அடுப்பு வந்த பிறகு வீட்டில் சாம்பல் ஏது? அந்த அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருட்டில் மணல் என்று நினைத்திருந்தேன்.

வயலடி:
பிள்ளை, எங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்புத்தான். குளத்தில் தண்ணீர் வற்றுகிற நேரம் விரால் நன்றாகப் படும். ஒரு சனிக்கிழமை வாருங்கள், சாம்பலும் மீனும் இங்கே இருக்கும். சமைப்பது அன்றைக்கு நான். லொறிக்காரன் தம்பி, நீரும் தம்புள்ளையிலிருந்து வருகிற வழியில் இறங்கும், முறிகண்டிக் கச்சான் இரண்டு சுண்டு கொண்டுவாரும்.