ஏப்பத்துக்கு ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல்!

மதுரைக்காரன்:
ஆறு மாதமாக வயிற்று உப்புசம், ஓயாத ஏப்பம். போன மாதம் வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் 9 மில்லிமீட்டர் கல். "அப்போ இதுதான் காரணம், எடுத்துடலாமா டாக்டர்?" என்று நானே கேட்டேன். அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "வலி வந்தா எங்க வரும்? எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று ஆரம்பித்தார். எனக்கு வலியே இல்லையே! வயிற்றுக் கோளாறு என்று ஸ்கேனுக்கு வருபவர்களில் நிறையப் பேருக்கு இப்படித் தற்செயலாகக் கல் தென்படுமாம். கல் இருப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அதனால் தொந்தரவே இல்லையாம். ஏப்பமும் உப்புசமும் கல் இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில்தான் யாரும் நம்பவில்லை. அம்மா தினமும் வாழைத்தண்டு சாறு கொடுக்கிறார். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வதும்மா என்றால், "கல்லு கல்லுதானேடா" என்கிறார்.

இட்லிப்பிரியை:
எங்கள் சித்திக்கு நேர்மாறு. இரண்டு வருடம் கேஸ் மாத்திரையிலேயே ஓட்டினார். கல்யாண வீட்டில் நெய்யும் பிரியாணியுமாகச் சாப்பிட்டு வந்த ராத்திரி மேல்வயிற்றில் பிடிக்கும், வலது தோள்பட்டை வரை இழுக்கும். ஏப்பம் விட்டாலும் குறையாது, புரண்டு படுத்தாலும் குறையாது. இரண்டு மூன்று மணி நேரம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். அப்புறம் தானாக விட்டுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி தோசை ஊற்றுவார், அதனாலேயே நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக அட்மிட் ஆனார். ஒரு கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. எண்டோஸ்கோப்பி மூலம் அதை எடுத்து, பிறகு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையே எடுத்தார்கள். அதற்குப்பின் அந்த வலி வரவில்லை.

நெல்லைச்சீமை:
நான் அவசரப்பட்ட ஆள். வலி கிடையாது, உப்புசத்துக்காகவே பித்தப்பையை எடுத்துக்கொண்டேன். நாலு வருடம் ஆகிறது. உப்புசம் அப்படியே இருக்கிறது, கூடுதலாக எண்ணெய்ப் பலகாரம் தின்றால் உடனே பாத்ரூம். சும்மா கிடக்கும் கல் வருடத்துக்கு நூறில் ஓரிருவருக்குத்தான் வலியைக் கிளப்பும் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொன்று, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்தால் கல் வெளியே வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நானும் குடித்தேன். பச்சையாக உருண்டை உருண்டையாக வந்ததைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டு, எண்ணெய் குடலில் சோப்பாகக் கட்டியிருக்கிறது என்றார்.

மதுரைக்காரன்:
அந்தப் போட்டோவை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள் அண்ணே. சித்திக்கு வந்த மாதிரி வலி வந்தால் அன்றைக்கே ஓடுகிறேன். இப்போதைக்கு வாழைத்தண்டு டம்ளர் வந்துவிட்டது.