அஃபிலியேட் புரோகிராம்ல எது நிஜம், எது ஏமாத்துன்னு எப்படி கண்டுபிடிச்சீங்க? உங்க அனுபவத்தை எழுதுங்க

தெளிநீர்:

நம்ம லிங்க் வழியா யாராவது ஒரு பொருள் வாங்குனா கம்பெனி நமக்கு கமிஷன் தர்றது தான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். அந்தப் பேர் போட்டு வர்ற அழைப்பு இப்ப ஏகத்துக்கும் பெருகிப்போச்சு. ஒழுங்கா கமிஷன் தர்ற புரோகிராமும் அந்தப் பேர்ல தான் இருக்கு, ஆள் சேர்த்துப் பணம் பிடுங்குற கும்பலும் அதே பேர்ல தான் வருது, புதுசா வர்றவங்க ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம மாட்டிக்கிறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. நான் ரொம்ப நாளா சின்னதா ஒரு ரிவ்யூ சைட் நடத்துறேன். எந்த புரோகிராம் வந்தாலும் நான் முதல்ல கேக்குறது, எனக்கு வரப்போற கமிஷன் யார் பாக்கெட்ல இருந்து வருது? இதுல சம்பாதிக்கணும்ங்கிற எண்ணமே இல்லாத ஒருத்தர், பொருள் தேவைப்பட்டுச்சுன்னு காசு குடுத்து வாங்குறார், அதுல கம்பெனி எனக்கு ஒரு பங்கு தருதுன்னா அது வியாபாரம். எனக்குப் பின்னாடி சேர்றவர் கட்டுற ஃபீஸ்ல இருந்து வருதுன்னா அது வியாபாரமே இல்ல.

சட்டம் பாக்குறதும் இதை தான். அமெரிக்காவுல எஃப்டிசின்னு சொல்ற ஃபெடரல் டிரேட் கமிஷன் 1975ல காஸ்காட்ங்கிற கம்பெனி மேல போட்ட வழக்குல ஒரு அளவுகோல் வச்சாங்க. விக்கிற உரிமைக்கே காசு கட்டணும், புது ஆள் சேர்த்தா பணம் கிடைக்கும், அந்தப் பணத்துக்கும் பொருள் கடைசியா ஒருத்தர் பயன்படுத்த வாங்குறதுக்கும் சம்பந்தம் கிடையாது, இப்படி இருந்தா அது பிரமிட் ஸ்கீம். இன்னைக்கும் இந்த மாதிரி கேஸ்ல இதை தான் எடுத்துப் பேசுறாங்க.

உங்களுக்கு என்ன அழைப்பு வந்துச்சு, எதை வச்சு முடிவு பண்ணீங்கன்னு விவரமா எழுதுங்க, படிக்கிற யாருக்காவது உதவும்.

மாலைக்காற்று:

எங்க சித்தி பையன் ஒரு வெபினார் லிங்க் அனுப்பி, அக்கா இதுல சேரலாமா, நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டான். முழுசா உக்காந்து பாத்தேன். பாதிக்கு மேல பேசுறவரோட பழைய கஷ்டம், இப்ப இருக்கிற வசதி, வேலைய விட்ட கதை இதுலயே போயிருச்சு. என்ன பொருள், யார் வாங்குவாங்கங்கிற பேச்சே இல்ல. கடைசில தான் ஒரு கோர்ஸ் விக்கிறாங்கன்னு தெரிஞ்சுது, சரி அந்த கோர்ஸ்ல என்ன சொல்லித் தர்றாங்கன்னு தோண்டிப் பாத்தா அதே கோர்ஸை அடுத்தவங்களுக்கு எப்படி விக்கிறதுன்னு சொல்லித் தர்றாங்க. வேற எதுவுமே இல்ல அதுல.

அந்த பேஜ்ல 15 நிமிஷ டைமர் ஓடுச்சு, முடிஞ்சா ஆஃபர் போயிரும்னு பெருசா போட்டிருந்துச்சு. தம்பிய பக்கத்துல உக்கார வச்சு வேற பிரவுசர்ல அதே லிங்கைத் திறந்தேன், மறுபடி 15ல இருந்து ஆரம்பிச்சுது. சீட் 7 தான் பாக்கின்னு இருந்தது மறுநாளும் 7 தான். அப்புறம் வருமான ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு காட்டினாங்க இல்லையா, அதுல தினசரி தொகை வரிசையா இருக்கும், கீழ மொத்தம் இருக்கும், அதை ஜூம் பண்ணி கால்குலேட்டர்ல கூட்டிப் பாத்தோம், மொத்தம் உதைச்சுது. பிரவுசர்ல இன்ஸ்பெக்ட் போய் எந்த நம்பரையும் மாத்தி ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், அதை அவன் கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டினேன், அப்ப தான் அவன் முகம் மாறுச்சு.

சேர்ற ஃபீஸ் கம்மி தான், அதுல தான் நிறைய பேர் விழுறாங்க, சேர்ந்தப்புறம் கோச்சுன்னு ஒருத்தர் ஃபோன் பண்ணி அடுத்த லெவல், அதுக்கு அடுத்த லெவல்னு ஏத்திக்கிட்டே போவாங்க. 2018ல எஃப்டிசி மோப்ங்கிற கம்பெனி மேல வழக்கு போட்டப்ப சொன்னதும் இதே கதை. 21 படி சிஸ்டம்னு சொல்லி சின்ன தொகைல உள்ள இழுத்து, அப்புறம் ஆயிரக்கணக்கான டாலர் மெம்பர்ஷிப் வாங்க வச்சு, மொத்தமா 12.5 கோடி டாலருக்கு மேல எடுத்துட்டாங்கன்னு குற்றச்சாட்டு. அந்த விவரத்தைப் படிச்சப்ப நான் பாத்த வெபினாரையே படிக்கிற மாதிரி இருந்துச்சு.

பனித்துளி:

அந்த டைமர் நானும் பாத்திருக்கேன் அக்கா. ஒரு சந்தேகம், சேர்றதுக்கு காசு கேட்டாலே ஏமாத்து தானா? நல்ல புரோகிராம் எதுவும் ஃபீஸ் வாங்காதா?

தெளிநீர்:

ஒரு பொருளை புரமோட் பண்ற உரிமைக்குக் காசு கேட்டா நான் அங்கயே நிறுத்திருவேன். அமேசான் அசோசியேட்ஸ் 1996ல இருந்து ஓடுது, சேர இலவசம், பல கம்பெனி புரோகிராமை ஒரே இடத்துல நடத்துற சிஜே, அவின் மாதிரி பெரிய நெட்வொர்க்ல இருக்கிற புரோகிராம்லயும் கம்பெனி தான் நமக்குக் காசு தரும், நாம புரமோட் பண்றதுக்கு கம்பெனிக்குக் காசு கட்டுறது கிடையாது. டொமைன், ஹோஸ்டிங், மெயில் டூல்னு செலவு வரும், அது நம்ம தொழிலுக்கு நாமளா விருப்பப்பட்டு பண்றது, யார்கிட்ட வாங்கணும்னு நாம தான் முடிவு பண்ணுவோம்.

இன்னொண்ணு, நல்ல புரோகிராம் உங்களை ரிஜெக்ட் பண்ணும். சைட்டைப் பாப்பாங்க, ட்ராஃபிக் எங்கிருந்து வருதுன்னு கேப்பாங்க. அமேசான்ல சேர்ந்து 180 நாளுக்குள்ள 3 விற்பனையாவது வரலைன்னா அக்கவுண்ட்டை மூடிருவாங்க, திரும்ப அப்ளை பண்ணணும். யாரு என்னன்னே பாக்காம, ஒரு லிங்க் கூட போடாதவங்களை இன்னைக்கே சேருங்க இன்னைக்கே சேருங்கன்னு விரட்டுனா, அங்க நீங்க தான் வாடிக்கையாளர்.

ரூல்ஸும் எழுத்துல இருக்கணும். எந்த வகைப் பொருளுக்கு எத்தனை சதவீதம், குக்கி, அதாவது நம்ம லிங்கைத் தட்டினவர்னு பிரவுசர்ல பதியிற குறிப்பு, எவ்வளவு நேரம் நிக்கும், எப்ப பேமென்ட், எதுக்கெல்லாம் கமிஷன் கேன்சல் ஆகும், எல்லாமே சேர்றதுக்கு முன்னாடியே படிக்கக் கிடைக்கணும். முதல்ல சேருங்க அப்புறம் சொல்றோம்னு சொன்னா வேண்டாம்.

கணக்கன்:

எனக்கு வந்தது வேற ரகம். வாட்ஸ்அப்ல தெரியாத நம்பர், அஃபிலியேட் பார்ட்னர் தேவை, ஒரு ஆப்ல பொருளுக்கு கிளிக் பண்ணா கமிஷன்னு மெசேஜ். நான் பதில் போடல. ஆனா எங்க ஆஃபீஸ்ல கூட வேலை பாக்குறவர் ஏற்கனவே அதுக்குள்ள இருந்தார், ஒரு நாள் தயங்கித் தயங்கி என்கிட்ட ஃபோனைக் காட்டினார். ஆரம்பத்துல சின்ன தொகை நிஜமாவே வித்ட்ரா ஆயிருக்கு, அதனால தான் நம்பிட்டார். அப்புறம் ஸ்பெஷல் டாஸ்க்னு ஒண்ணு வரும், அதைத் திறந்ததும் பேலன்ஸ் மைனஸ்ல போயிரும், அந்த மைனஸை நம்ம கைக்காசு போட்டு நிரப்புனா தான் டாஸ்க் முடியும், முடிஞ்சா ஸ்கிரீன்ல பெரிய தொகை காட்டும், அதைப் பாத்துட்டு மனுஷன் எப்படி விடுவான். எடுக்கப் போனா வரி கட்டுங்க, அப்ப தான் ரிலீஸ் ஆகும்னு கஸ்டமர் கேர்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் சாட்ல நிக்கிறார். குரூப்ல இருக்கிற மத்தவங்க எல்லாரும் எனக்கு வந்துருச்சு எனக்கு வந்துருச்சுன்னு படம் போட்டுக்கிட்டே இருக்காங்க, எல்லாரும் அவங்க ஆளுங்க தான்.

நான் அவர்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு தான். அண்ணா, இத்தனை நாள் கிளிக் பண்ணீங்களே, ஒரு மனுஷனாவது ஒரு பொருளாவது வாங்கினாரா? அவர் ரொம்ப நேரம் பேசல. அதுக்கு மேல காசு போடாம நிறுத்திட்டார், அன்னைக்கே பேங்க்ல சொல்லி புகாரும் குடுத்தோம்.

இதுக்கு டாஸ்க் ஸ்கேம்னு பேரு. எஃப்டிசிக்கு 2020ல இந்த மாதிரி புகார் ஒண்ணு கூட வரல, 2023ல சுமார் 5,000, 2024 முதல் பாதில மட்டும் சுமார் 20,000. உண்மையான புரோகிராம் வரி ஃபார்ம் கேக்கும், அது சரி. வரிக்கு பிடிக்கணும்னா வர்ற தொகையிலயே பிடிச்சுக்கிட்டு மீதியக் குடுப்பாங்க. நம்ம காசை எடுக்க நாம முன்னாடி காசு கட்டணும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க, தயவு செஞ்சு.

நிலாமுற்றம்:

பெரிய கம்பெனி பேர்லயும் வருது, கவனம். எனக்கு ஒரு பிரபலமான பிராண்டோட அஃபிலியேட் மேனேஜர்னு மெயில் வந்துச்சு, லோகோ எல்லாம் பக்கா, உங்க சேனலைப் பாத்தோம், ஸ்பெஷல் ரேட் தர்றோம்னு. அதுல இருந்த லிங்கைத் தொடாம, நானே அந்த பிராண்டோட சைட்டை டைப் பண்ணிப் போய் அடியில அஃபிலியேட்னு இருந்த பக்கத்தைத் திறந்தேன். அவங்க புரோகிராம் ஒரு நெட்வொர்க் வழியா தான் நடக்குது, அப்ளை பண்றதும் அங்க தான். மெயில் வந்த டொமைனை, அது எப்ப பதிவாச்சுன்னு காட்டுற ஹூஇஸ்ல போட்டா பதிவு பண்ணியே ஒரு மாசம் கூட ஆகல. பிராண்டோட சப்போர்ட்டுக்கு அதை அனுப்பி வச்சேன், எங்க ஆள் இல்லன்னு பதில் வந்துச்சு.

வழிப்போக்கன்:

மறுபக்கத்தையும் யாராவது சொல்லணும். கமிஷன் வரலைன்னா உடனே ஃப்ராடுன்னு எழுதுறவங்களும் நிறைய. எனக்கு ஒரு மாசம் டாஷ்போர்டுல காட்டின தொகை அடுத்த மாசம் பாதியாச்சு, பாத்தா வாங்கினவங்க பொருளைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, திருப்பிக் குடுத்ததுக்கு கமிஷன் கிடையாதுன்னு ரூல்ஸ்ல தெளிவா இருக்கு. அமேசான்ல லிங்கைத் தட்டினப்புறம் 24 மணி நேரத்துக்குள்ள கார்ட்ல போட்டா தான் பொதுவா கணக்குல வரும், மாசம் முடிஞ்சு ஏறத்தாழ 60 நாள் கழிச்சு தான் பணம், நம்ம லிங்க்ல நாமளே வாங்குனா கமிஷன் கிடையாது. 2020 ஏப்ரல்ல பல வகைப் பொருளுக்கு ரேட்டை சடார்னு குறைச்சாங்க, அதை வச்சே பொழச்சவங்களுக்கு பெரிய அடி, எனக்கும் கோபம் தான். ஆனா முன்கூட்டியே அறிவிச்சாங்க, அதுவரைக்கும் சேர்ந்ததைக் குடுத்தாங்க. அதை ஏமாத்துன்னு சொல்ல முடியாது.

நான் விலகி வந்தது வேற ஒரு புரோகிராம்ல இருந்து. பணத்தை எடுக்க சேர்ந்திருக்க வேண்டிய குறைஞ்சபட்ச தொகைய நாம நெருங்குறப்ப எல்லாம் அந்தத் தொகையவே ஏத்துவாங்க. மெயில் போட்டா ஆட்டோ பதில் மட்டும் வரும்.

கார்முகில்:

காலேஜ்ல என் ஜூனியர் பொண்ணு ஒருத்தி ஒரு புரோகிராம்ல சேரச் சொல்லி வந்தா, பாவம் நல்ல பொண்ணு, நம்பித் தான் பேசினா. கமிஷன் வேணும்னா மாசாமாசம் நாமளே ஒரு தொகைக்குப் பொருள் வாங்கணுமாம், அதுக்குப் பேரு ஆக்டிவா இருக்கிறதாம். நான் கேட்டேன், உன் டீம்ல இல்லாத யாராவது இதை வாங்குறாங்களாமா? யோசிச்சுட்டு இல்லக்கான்னா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அமெரிக்காவுல வெம்மாங்கிற கம்பெனி மேல நடந்த கேஸைப் படிச்சோம். அந்தக் கம்பெனியும் சேர்றவங்களை அஃபிலியேட்னு தான் கூப்பிட்டுச்சு, காலேஜ் பசங்களைக் குறிவச்சுது, தொடக்கத்துல ஒரு பேக், மாசம் 150 டாலருக்குப் பொருள்னு வாங்க வச்சுது. 2015ல எஃப்டிசி வழக்கு போட்டுச்சு, 2016 கடைசில செட்டில்மென்ட். வருமானத்துல பெரும்பகுதி நிஜ வாடிக்கையாளர்கிட்ட வித்ததா இல்லைன்னா இனிமே அஃபிலியேட்டுக்குப் பணம் தரக் கூடாதுன்னு அதுல தடை.

பனித்துளி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். எனக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி புரோகிராம் பிடிச்சிருக்கு, இலவசம் தான், பெரிய நெட்வொர்க்ல இல்ல, அவங்க சொந்த டாஷ்போர்டு. அதை எப்படி பாக்குறது?

தெளிநீர்:

சின்னதுங்கிறதால தப்பில்ல. முதல்ல அந்த சாஃப்ட்வேரை நீங்களே ஃப்ரீ ட்ரையல்ல ஓட்டிப் பாருங்க, அஃபிலியேட்டா இல்லாத யாராவது அதைப் பத்தி நல்லதோ கெட்டதோ எழுதியிருக்காங்களான்னு தேடுங்க. அப்புறம் ரூல்ஸ்ல டிஸ்க்ளோஷர் பத்தி இருக்கான்னு பாருங்க, இந்த லிங்க்ல எனக்கு கமிஷன் வரும்னு வாசகருக்குத் தெளிவா சொல்லச் சொல்ற கம்பெனிய நான் நம்புவேன், மறைக்கச் சொன்னா விட்டுருங்க. ஒரே ஒரு பதிவுல மட்டும் லிங்க் போட்டு முதல் பேமென்ட் வர்ற வரைக்கும் காத்திருங்க, அது பேங்க்ல ஏறினதுக்கு அப்புறமா மத்த பதிவுல போடலாம். அதுக்கு நடுவுல சப்போர்ட்டுக்கு ரீஃபண்ட் வந்தா என் கமிஷன் என்ன ஆகும்னு ஒரு மெயில் போடுங்க, பதில் வந்தா இங்க ஒட்டுங்க, சேர்ந்து படிக்கலாம்.