புதுப்பிப்பு: ரீஸ்டார்ட் ஆனதும் டெர்மக்ஸ் சர்வர் தானாக ஓடுகிறது

கடலூர் மஞ்சக்குப்பம் கடையில் பில் நகல்களைச் சேர்த்து வைக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ரீஸ்டார்ட் ஆனால் டெர்மக்ஸில் (ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் ஆப்) எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குள் நுழைய உதவுவது) தானாக ஓடுவதில்லை என்று கேட்டிருந்தேனே, சரியாகிவிட்டது, நன்றி. கைகொடுத்தது டெர்மக்ஸ் பூட் (போன் ஆன் ஆனதும் கட்டளைகளை ஓட்டும் துணை ஆப்) யோசனைதான்: டெர்மக்ஸை எடுத்த அதே எஃப்-டிராய்டு ஆப் ஸ்டோரிலிருந்து அதையும் போட்டு, ஐகானைத் தொட்டு ஒருமுறை திறந்து (திறக்காத வரை போன் ஆன் ஆன தகவலையே ஆண்ட்ராய்டு அதற்கு அனுப்பாது), பூட் ஃபோல்டரில் கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்டை வைத்தேன். அதில் முதலில் வேக் லாக் (போனைத் தூங்கவிடாமல் வைப்பது), அப்புறம் சர்வர். இரண்டு ஆப்புக்கும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன்.

எதிர்பாராத ஒன்று: திரைக்கு நம்பர் லாக் இருந்தால், யாராவது அதைப் போட்டுத் திறக்கும்வரை ஸ்கிரிப்ட் ஓடாது, ஃபைல்கள் அதுவரை என்கிரிப்ட் ஆகியே கிடக்கும். கல்லாவுக்குள்ளேயே இருக்கும் போன் என்பதால் லாக்கை நீக்கிவிட்டேன். வெளியே எடுத்துப்போகும் போனில் லாக்கை நீக்க வேண்டாம்.