ஏஜென்ட் தப்பான டூலைக் கூப்பிடுகிறது: டிஸ்கிரிப்ஷனில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி

ஆன்லைன் துணிக்கடை ஒன்றின் வாடிக்கையாளர் சேவைக்காக ஏஜென்ட் (டூல்களைத் தானே கூப்பிட்டு வேலை செய்யும் ஏஐ உதவியாளர்) செய்கிறோம். டூல்கள், அதாவது மாடல் கூப்பிடக்கூடிய செயல்கள், எம்சிபி (ஏஐ மாடலை டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறை) சர்வர் வழியாகப் போகின்றன. இன்னும் டெஸ்ட் சூழலில்தான் ஓடுகிறது. மூன்று டூல்களில் சிக்கல் (மேற்கோளில் இருப்பது டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டர் என்பது டூலுக்கு மாடல் கொடுக்க வேண்டிய மதிப்பு):

கெட்_ஆர்டர்: "ஆர்டரை எடுக்கும்." பாராமீட்டர்: ஐடி
சர்ச்_ஆர்டர்ஸ்: "ஆர்டர்களைத் தேடும்." பாராமீட்டர்: கொய்ரி (தேட வேண்டியது), டேட்
ரீஃபண்ட்: "பணத்தைத் திருப்பித் தரும்." பாராமீட்டர்: ஐடி, அமவுன்ட்

வாடிக்கையாளர் மொபைல் எண்ணைச் சொன்னால் அதையே கெட்_ஆர்டரில் ஐடியாகப் போட்டுவிடுகிறது. ஜூன் 5-ஆம் தேதி ஆர்டரைக் கேட்டால் சில சமயம் மே 6-இல் தேடுகிறது. 500 ரூபாய் ரீஃபண்ட் என்றால் 5 ரூபாய்தான் போகிறது. "மொபைல் எண்ணை ஐடியாகப் போடாதே" என்று சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் (மாடலுக்கு முதலிலேயே தரும் பொது அறிவுறுத்தல்) எழுதியதும் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மாடலை மாற்ற வேண்டுமா?

பதில் 1

மாடலை மாற்ற வேண்டாம். டூலுக்குப் பின்னால் இருக்கும் கோட் மாடலின் கண்ணில் படாது. அதற்குக் கிடைப்பது பெயர், டிஸ்கிரிப்ஷன், ஸ்கீமா (பாராமீட்டர்களின் பட்டியலும் வடிவமும்), அவ்வளவுதான். "ஆர்டரை எடுக்கும்" என்பதில் பெயரில் இல்லாத தகவல் எதுவும் இல்லை. ஐடி என்று மொட்டையாகக் கேட்டால் கையில் இருக்கும் எண்ணைத்தான் போடும்.

கெட்_ஆர்டருக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஒரே ஓர் ஆர்டரின் முழு விவரம் தரும்: பொருட்கள், தொகை, கூரியர் நிலை. ஆர்டர் எண் தெரிந்திருந்தால் மட்டும் பயன்படுத்தவும். மொபைல் எண், மின்னஞ்சல் அல்லது தேதி மட்டும் தெரிந்தால் முதலில் சர்ச்_ஆர்டர்ஸைக் கூப்பிட்டு ஆர்டர் எண்ணைப் பெறவும். எண்ணை ஊகிக்கக் கூடாது. ரீஃபண்ட் நிலை இதில் வராது."

எப்போது கூப்பிடக் கூடாது, அப்போது எங்கே போக வேண்டும் என்ற வரிதான் இதில் அதிகம் வேலை செய்யும். பலர் எழுதாமல் விடுவதும் அதைத்தான். சர்ச்_ஆர்டர்ஸின் பக்கமும் இதே எல்லையைச் சொல்லுங்கள்.

பாராமீட்டரின் பெயரை ஆர்டர்_ஐடி என்று மாற்றி, வடிவத்தையும் ஓர் உதாரணத்தையும் அதன் டிஸ்கிரிப்ஷனிலேயே கொடுங்கள்: "ஓஆர்டி- என்று தொடங்கி 8 இலக்கம், எ.கா. ஓஆர்டி-00418273". ஸ்கீமாவில் இந்த வடிவத்தைப் பேட்டர்னாகப் போட்டாலும் மீறி அனுப்ப வாய்ப்புண்டு, அதனால் சர்வரிலும் சோதியுங்கள்.

கொய்ரியை மொபைல், மின்னஞ்சல் என்று பிரியுங்கள். டேட் என்பதை ஃப்ரம்_டேட், டு_டேட் ஆக்கி, ஆண்டு-மாதம்-நாள் வடிவம் மட்டும் ஏற்கும்படி வையுங்கள்: 2025-06-05. 05/06 என்று எழுத இடமிருக்கும் வரை குழப்பம் தீராது. இன்றைய தேதியை சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் கொடுங்கள், இல்லையென்றால் "நேற்று" என்பதற்கு ஒரு தேதியைத் தானே வைத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் யுடிசியில் (இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: இந்திய நேரம் நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை வந்த ஆர்டர்கள் முந்தைய நாளில் பதிவாகியிருக்கும். அந்த மாற்றம் கோடின் வேலை, மாடலிடம் விடாதீர்கள்.

தொகையும் அப்படித்தான். பேமென்ட் ஏபிஐ பைசாவில் கேட்கிறது போலிருக்கிறது, மாடல் 500 என்றே அனுப்புகிறது. அமவுன்ட்_ரூபாய் என்று வாங்கி, நூறால் பெருக்குவதை கோடில் வையுங்கள்.

தவறு செய்யவே வழியில்லாதபடி பாராமீட்டரை வடிவமைப்பது, எச்சரிக்கை எழுதுவதைவிட நன்றாக வேலை செய்யும். எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற கோடிங் சோதனைக்கான தங்கள் ஏஜென்ட் ரிலேட்டிவ் பாத்தில் (இப்போதிருக்கும் ஃபோல்டரை வைத்துச் சொல்லும் ஃபைல் முகவரி) தடுமாறியதாகவும், டூல் முழு பாத்தை மட்டுமே ஏற்கும்படி மாற்றியதும் அந்தப் பிழை நின்றதாகவும் கிளாட் மாடலைச் செய்யும் ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதியிருந்தது.

பதில் 2

மேலே சொன்னதோடு எரர் மெசேஜையும் கவனியுங்கள். "400 பேட் ரெக்வெஸ்ட்" என்று வந்தால் மாடல் அதே அழைப்பைத் திரும்ப அனுப்பும், அல்லது ஏதாவது ஓர் எண்ணைக் கற்பனை செய்யும். இப்படித் திருப்புங்கள்: "ஆர்டர்_ஐடி ஓஆர்டி- என்று தொடங்க வேண்டும். வந்தது 10 இலக்க எண். அது மொபைல் எண் என்றால் சர்ச்_ஆர்டர்ஸில் தேடவும்."

எம்சிபியில் இதை ஜேசன்-ஆர்பிசி எரராக (நெறிமுறை அளவிலான பிழை) அனுப்பாதீர்கள். டூல் ரிசல்ட்டுக்குள்ளேயே உரையை வைத்து, இஸ்எரர் என்பதை ட்ரூ ஆக்குங்கள். அப்போதுதான் மாடல் அதைப் படித்துத் திருத்திக்கொள்ளும். தேடலில் ஒன்றும் சிக்காதது எரர் அல்ல. "இந்த மொபைல் எண்ணில் ஆர்டர் இல்லை" என்று சாதாரண ரிசல்ட்டாகவே கொடுங்கள்.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஐடி, தேதி, தொகை மூன்றும் சரியாகிவிட்டன. இப்போது வேறொன்று. "என் ரீஃபண்ட் என்னாச்சு?" என்று கேட்டால், ரீஃபண்ட் டூலைக் கூப்பிட்டுப் புதிதாகப் பணம் அனுப்பப் பார்க்கிறது! டோக்கனும் (மாடல் படிக்கும் உரையின் அளவு, செலவு இதை வைத்துத்தான்) கூடிவிட்டது.

பதில் 1

ரீஃபண்ட் நிலையைப் பார்க்க உங்களிடம் டூலே இல்லை, அதனால் பெயர் ஒத்துப்போகும் ஒன்றை எடுக்கிறது. கெட்_ரீஃபண்ட்_ஸ்டேட்டஸ் என்று ஒன்று சேருங்கள். பழையதை இனிஷியேட்_ரீஃபண்ட் என்று மாற்றி, "புதிதாகப் பணம் அனுப்பும், திரும்பப் பெற முடியாது" என்பதை முதல் வரியாக வையுங்கள்.

ஆனால் பண விஷயத்தில் டிஸ்கிரிப்ஷனை மட்டும் நம்பவே கூடாது. எம்சிபியில் ஒரு டூல் ஆபத்தான மாற்றம் செய்யலாம் என்று சொல்லும் டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட் வெறும் குறிப்புதான், எதையும் தடுக்காது. மனிதர் ஒருவர் ஒப்புதல் கொடுத்த பிறகே அழைப்பு போகும்படி கோடில் வையுங்கள். ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்தாலும் பணம் ஒரு தடவைதான் போக வேண்டும், அதற்கு ஐடெம்பொட்டன்சி கீ (ஒவ்வொரு கோரிக்கைக்குமான தனி அடையாள எண்) அவசியம். திருப்பித் தரும் தொகை ஆர்டர் தொகையைத் தாண்டாமலும் சர்வரே பார்த்துக்கொள்ளட்டும்.

டோக்கன் கூடுவது இயல்பு, டூல் விவரம் ஒவ்வொரு அழைப்பிலும் சேர்ந்தே போகிறது. ஒன்றோடொன்று குழம்ப வாய்ப்பில்லாத டூல்களில் சுருக்குங்கள், இந்த நான்கில் கை வைக்காதீர்கள். ப்ராம்ப்ட் கேஷிங் (திரும்பத் திரும்பப் போகும் உரையைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துவது) இருந்தால் செலவு குறையும். கிளாட் ஏபிஐயில் டூல் விவரம்தான் கேஷின் முதல் பகுதி, ஆகவே அங்கே ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்னால் உள்ள அத்தனையும் மறுபடி கேஷ் ஆக வேண்டும். ஆர்டர் எண்ணிக்கை, இன்றைய தேதி மாதிரி மாறும் விஷயங்களை டிஸ்கிரிப்ஷனுக்குள் நுழைக்காதீர்கள்.

இனி வரியை மாற்றும்போது, வாடிக்கையாளர் கேட்பது போன்ற முப்பது கேள்விகளை வைத்து ஓட்டிப் பாருங்கள். எந்த டூல், என்ன மதிப்புகள் என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். "கடை ஞாயிறு திறந்திருக்குமா?" மாதிரி எந்த டூலையும் கூப்பிடக் கூடாத கேள்விகளும் அதில் இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு டிஸ்கிரிப்ஷன் மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது சரிசெய்தது என்றே தெரியாது.