புதுப்பிப்பு: ஓவன் இல்லாத ஸ்நாக் பார் சரியாக வந்துவிட்டது

பேரீச்சம்பழத்தை மட்டும் அரைத்துச் செய்த பார் டிபன் பாக்ஸில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, ஓவன் இல்லாமல் வேறு வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். வெல்லப்பாகு என்று சொன்னவர்கள்தான் ஜெயித்தீர்கள்!

விஷயமெல்லாம் பதத்தில்தான். கடலைமிட்டாய்க்குப் பாகைத் தண்ணீரில் விட்டால் இறுகி, டக்கென்று உடைய வேண்டும். சின்னப் பற்களுக்கு அது கடினம். இதற்கு, தண்ணீரில் விட்ட பாகு விரலில் மெத்தென்று உருண்டு வந்ததுமே அடுப்பை அணைத்துவிடுகிறேன். அரை கப் வெல்லத்துக்கு வேர்க்கடலை, கெட்டி அவல், எள் மூன்றும் சேர்த்து ஒன்றரை கப். கடலையை வறுத்துப் பொடிக்க வேண்டும். அவல் மொறுமொறுவென்று வறுபடாவிட்டால் பார் சவசவதான். நெய் தடவிய தட்டில் கொட்டி, கிண்ணத்தின் அடியால் அழுத்தி, சூட்டோடு கோடு போட்டுவிடுங்கள்.

வெல்லமும் சர்க்கரைதான், அதனால் எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு துண்டு (அதற்கே பேரம் நடக்கிறது). சின்னக் குழந்தைகளுக்கு முழுக்கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

அப்புறம், வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அதே அளவு வறுத்த பூசணி விதை போடலாம். அதையும் பொடித்தே போடுங்கள்.