ஒல்லியான இளவயசுக்காரருக்குச் சர்க்கரை: ஜீனா, ஹார்மோனா?

சங்குப்பூ: 22 வயசு, 52 கிலோ. வெறும் வயிற்றில் 128, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரிச் சர்க்கரை) 6.8. அம்மா, தாத்தா ரெண்டு பேருக்கும் இளவயசிலேயே வந்திருக்கு. இது டைப் 1-ஆ, டைப் 2-ஆ? எந்த டெஸ்ட் முதல்ல?

லேப்மேசை: மூணு தலைமுறை தொடர்ச்சியா, ஒல்லி உடம்பு, சின்ன வயசு: ‘மோடி’ (MODY, பரம்பரையா இளவயசில் வரும் சர்க்கரை) வகையை யோசிக்கணும். டைப் 2-ல் நூற்றுக்கணக்கான ஜீன்கள் கொஞ்சங்கொஞ்சமா பங்கு போடும். இதில் ஒரே ஜீன்தான். பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆனா எடுத்தவுடன் ஜீன் டெஸ்ட்டுக்கு ஓடாதீங்க. முதல்ல ஜிஏடி, ஐஏ-2 ஆன்டிபாடி டெஸ்ட், உடம்பே தன் கணையத்தைத் தாக்குதான்னு பார்க்க. பாசிட்டிவ்னா டைப் 1 பக்கம். நெகட்டிவ்னா சி-பெப்டைட். கணையம் இன்சுலின் சுரக்கும்போது கூடவே வர்றது அது. ஊசி இன்சுலினில் கிடையாது. அதே நேரத்துச் சர்க்கரையையும் பாருங்க, 144-க்குக் கீழே இருந்தா சி-பெப்டைட் குறைவா வர்றதை நம்ப முடியாது. டைப் 1-லும் ஆரம்பத்தில் சி-பெப்டைட் இருக்கும், அதனால நோய் வந்து மூணு வருஷம் கழிச்சும் 0.6 ng/mL-க்கு மேல நின்னாத்தான் டைப் 1 இல்லைன்னு யோசிக்க அதுக்கு மதிப்பு. ரத்தச்சோகை இருக்கான்னும் பாருங்க, இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சி-யை ஏத்திக் காட்டும்.

பீட்டாசெல்: அடுத்தது 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட். வெறும் வயிற்று அளவை விட ரெண்டு மணி நேரத்தில் 54-க்குள்ளதான் கூடுதுன்னா ஜிசிகே ஜீன் மேல சந்தேகம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் சர்க்கரை அளவுகோல் அது. பழுதானா இன்சுலின் சுரக்கத் தொடங்கும் புள்ளியே கொஞ்சம் மேல நகரும். 90-க்கு மேல கூடினா ஹெச்என்எஃப்1ஏ ஜீன் மேல சந்தேகம். இதில் சிறுநீரகம் சர்க்கரையைச் சீக்கிரம் கசியவிடும், ரத்தத்தில் ஏறும் முன்னாடியே சிறுநீரில் தெரியலாம். இவங்களுக்கு கிளிக்ளாசைட் மாத்திரை நல்லா கேட்கும்; வழக்கமான அளவில் கால்பங்கில் தொடங்கணும், இல்லைன்னா சர்க்கரை தடாலடியா இறங்கிடும்.

சங்குப்பூ: நன்றிங்க. ஜிசிகே-ன்னா மாத்திரையே வேண்டாமா?

பீட்டாசெல்: பொதுவா வேண்டாம். மாத்திரை போட்டாலும் உடம்பு தன் பழைய புள்ளிக்கே திரும்பும். கர்ப்பம் மட்டும் தனிக்கணக்கு. அதே ஜீன் மாற்றம் வயித்துல இருக்கிற குழந்தைக்கும் இருந்தா அம்மாவின் சர்க்கரை அதுக்குச் சரியான அளவு. இன்சுலின் போட்டுக் குறைச்சா குழந்தை சிறுத்துப் பிறக்கலாம். அந்த மாற்றம் இல்லாத குழந்தை அதிகமா வளரும். அதனால 26-ஆவது வாரத்திலிருந்து ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவைத் தொடர்ந்து பார்த்து, அது பெரிசானா மட்டும் இன்சுலின் தொடங்குவாங்க. இந்த விவரம் கர்ப்பகால ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கணும்.